வயிற்று மாத்திரைக்கு மூன்று கேள்விகள்



இக்கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வாருங்கள். காய்ச்சல் மாத்திரைக்கு அடுத்தபடியாக அதில் எது மிகுதியாக இருக்கும் என்பதை நான் பார்க்காமலேயே சொல்லிவிடுவேன். வீட்டில் சிலர் அதைக் ‘கேஸ் மாத்திரை’ என்பார்கள்; சிலர் ‘அல்சர் மாத்திரை’ என்பார்கள். அட்டையின் மேல் ஓமிப்பிரசோல், பேன்டோபிரசோல், ரபிபிரசோல், ஃபமோடிடின் என்று ஏதேனும் ஒரு பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அது யாருக்காக வாங்கியது, எந்த நோய்க்காக வாங்கியது, எத்தனை நாளைக்கென்று வாங்கியது என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கும் விடை தெரியாது.

வீரபாண்டியக் கட்டபொம்மனின் ஊர் என்று நாடறிந்த பாஞ்சாலங்குறிச்சியை அடுத்த கரிசல் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். ஓட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மருந்தாளுநராகப் பணியாற்றியவன். எங்கள் பூமி வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் கம்பும் சோளமும் உளுந்தும் பருத்தியும் விளையும். பொய்த்தால் தீப்பெட்டி ஆபீசும் தூத்துக்குடி உப்பளமுமே கதி. காலை உணவுக்கு நேரமில்லாமல் ஒரு கிளாஸ் தேநீரோடு வேலைக்கு ஓடுவதும், பசித்தால் மீண்டும் ஒரு தேநீரால் அதை அடக்குவதும், இரவில் வயிறு நிறைய உண்டுவிட்டு உடனே பாயை விரிப்பதும் இங்கே பலருடைய வாழ்க்கை முறை. இதனால்தானோ என்னவோ, ‘நெஞ்சு கரிக்குது, ஒரு மாத்திரை குடுங்க’ என்ற குரலைக் கேட்காமல் எனக்கு ஒருநாளும் கழிந்ததில்லை.

அந்த மாத்திரை தீயது என்று சொல்ல நான் வரவில்லை. மருத்துவ உலகம் மனிதகுலத்துக்குத் தந்த மிகச் சிறந்த மருந்துகளுள் அதுவும் ஒன்று. ஆனால் எந்த நல்ல மருந்துக்கும் மூன்று கேள்விகள் உண்டு. ஏன்? எப்போது? எதுவரை? இம்மூன்றுக்கும் விடை தெரிந்து விழுங்குகிறவருக்கு அது நண்பன். விடை தெரியாமல் விழுங்குகிறவருக்கோ, வீட்டில் தீப்பிடித்ததும் ஊளையிடும் அபாயமணியின் கம்பியை அறுத்துவிட்டு, தீ அணைந்துவிட்டது என்று நிம்மதியாகப் படுத்துக்கொண்ட கதைதான்.

கத்தியிலிருந்து மாத்திரைக்கு

நம் ஊர்ப் பெரியவர்களில் எழுபது வயதைக் கடந்த சிலருடைய மேல்வயிற்றில் நெடுக ஒரு தையல் தழும்பைக் காணலாம். கேட்டால், ‘அல்சருக்கு ஆபரேஷன் செய்தது’ என்பார்கள். ஒரு காலத்தில் தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகப் பரவலான நோய். வடக்கே கோதுமை உண்போரைவிடத் தெற்கே அரிசி உண்போரிடம் இது மிகுதி என்பதை ரயில்வே மருத்துவரான மல்ஹோத்ரா 1964இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். மைசூரில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய இங்கிலாந்துக்காரர் ஃபிராங்க் டோவியும் இதே புதிரைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். தீட்டிய அரிசியை நம்பிய வட்டாரங்களில் புண் மிகுதியாகவும், தீட்டாத கோதுமை, சில சிறுதானியங்கள், பயறு வகைகள் உண்ட வட்டாரங்களில் குறைவாகவும் இருந்ததை அவர் எடுத்துக்காட்டினார். நம் பாட்டிமார் கிண்டிய கம்பங்கூழும் குதிரைவாலிச் சோறும் வெறும் வறுமையின் உணவல்ல என்று எண்ணிக்கொள்ள இது இடம் தருகிறது. ஆயினும் உணவு ஒரு துணையே. வந்துவிட்ட புண்ணுக்குக் கூழ் மட்டுமே மருந்தாகிவிடாது.

அந்நாளில் புண் முற்றினால் கத்திதான் வழி. அமிலத்தைத் தூண்டும் நரம்பை வெட்டுவதும், இரைப்பையைக் குடலோடு புதுவழியில் இணைப்பதும் அன்றாட அறுவைகளாக இருந்தன. 1976இல் இங்கிலாந்தில் சிமெடிடின் என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதனை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக் 1988இல் நோபல் பரிசு பெற்றார். அதே 1988இல் ஓமிப்பிரசோல் வெளிவந்தது. இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய ‘பம்பு’களையே அடைத்துவிடும் மருந்து இது. இதற்குப் பின் வந்த பேன்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிப்பிரசோல் யாவும் இதன் உடன்பிறப்புகளே.

ஆனால் மருத்துவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. மாத்திரையை நிறுத்தினால் ஆறிய புண் பலருக்குத் திரும்ப வந்தது. காரணத்தைக் கண்டவர்கள் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த ராபின் வாரனும் பாரி மார்ஷலும். இரைப்பையின் அமிலத்திலும் சாகாமல் குடியிருக்கும் ஒரு கிருமியை 1982இல் அவர்கள் வளர்த்துக் காட்டினார்கள். ‘அமிலத்தில் எந்தக் கிருமி வாழும்?’ என்று உலகம் நம்ப மறுத்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதைச் சோதனையால் மெய்ப்பித்தார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிப் பேருக்கும் மேல் இது இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே வீட்டார் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. எல்லோருக்கும் புண் வருவதில்லை. ஆனால் புண் வந்தவரிடம் இக்கிருமி இருந்தால் அதை ஒழிக்காமல் விடக்கூடாது.

முதல் கேள்வி: ஏன்?

நெஞ்சு எரிகிறது, புளியேப்பம் வருகிறது, வயிறு உப்புகிறது, பசித்தால் வலிக்கிறது, உண்டால் வலிக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் நாம் வைத்திருக்கும் ஒரே பெயர் ‘கேஸ்’. ஆனால் இவை ஒரே நோயல்ல. இரைப்பையின் அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறி எரிப்பது ஒன்று. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருப்பது வேறொன்று. புண்ணே இல்லாமல் வெறும் செரிமானக் கோளாறாக இருப்பது இன்னொன்று. பித்தப்பைக் கல்லும்கூட இதே வேடத்தில் வரும். அமிலத்தைக் குறைத்தால் இவற்றுள் சிலவற்றில் வலி அடங்கும். ஆனால் வலி அடங்கியதால் காரணம் போய்விட்டது என்று பொருளன்று.

என் சாச்சா ஒருவரின் அனுபவத்தைச் சொல்கிறேன். பலசரக்குக் கடை வைத்திருந்தவர். நாள் முழுதும் நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. வெளியூர்க் கடை ஒன்றில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை நாள்தோறும் இரண்டு வேளை விழுங்கி வந்தார். வயிறு எரியும் நாட்களில் மட்டும் ஒரு கேஸ் மாத்திரை. இப்படியே இரண்டு ஆண்டுகள். இடையில் மலம் கறுத்துப் போனது. ‘உடல் சூடு’ என்று இளநீர் குடித்தார். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, ‘வயதாகிவிட்டது’ என்றார். ஒருநாள் சுப்ஹுத் தொழுகைக்கு ஒளுச் செய்ய ஹவுளருகே அமர்ந்தவர் எழ முடியாமல் அங்கேயே சாய்ந்துவிட்டார்.

மருத்துவமனையில் பார்த்தபோது இரத்தத்தின் ஹீமோகுளோபின் 6க்கு இறங்கியிருந்தது. எண்டோஸ்கோப்பிக் குழாயின் வழியே இரைப்பைக்குள் பார்த்தார்கள். கசியும் புண். இரத்தம் ஏற்றினார்கள், ஊசி மருந்து கொடுத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் உயிர் தப்பினார். அப்போது எடுத்த கிருமிச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தது. ஆனால் மருத்துவர் அதோடு விடவில்லை. ‘இரத்தம் கசியும் நேரத்திலும், அமில மாத்திரை உடலில் இருக்கும் நேரத்திலும் இந்தச் சோதனை தவறாகக் காட்டக்கூடும். புண் ஆறட்டும், மறுபடி பார்ப்போம்’ என்றார். எட்டு வாரம் மாத்திரை கொடுத்துப் புண் ஆறியதும், அவருடைய கண்காணிப்பிலேயே இரண்டு வாரம் அதை நிறுத்தச் செய்து மீண்டும் சோதித்தார். கிருமி இருந்தது. பதினான்கு நாள் கூட்டு மருந்து கொடுத்து அதை ஒழித்தார்கள். வலி மாத்திரை நின்றது. முழங்காலுக்குப் பயிற்சியும் பாரசிட்டமாலும் வந்தன. இன்று சாச்சா நலமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

இதில் நமக்குப் பாடங்கள் சில உண்டு. புண்ணுக்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஒன்று அந்தக் கிருமி, மற்றொன்று டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகள். மிளகாயோ மசாலாவோ புண்ணை உண்டாக்குவதில்லை; இருக்கும் எரிச்சலைச் சிலருக்குக் கூட்டும், அவ்வளவே. பால் குடித்தால் புண் ஆறும் என்பதும் சரியன்று. குடித்த உடன் இதமாக இருக்கும். சற்று நேரத்தில் அதுவே அமிலத்தை மேலும் சுரக்கச் செய்யும். மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் நல்ல உணவுகள்; ஆனால் கிருமியை அவை கொல்வதில்லை.

வலி மாத்திரையை நெடுநாள் எடுத்தே தீர வேண்டியவர்களுக்கு, வயதானவர்களுக்கு, முன்பு புண் வந்தவர்களுக்கு மருத்துவர் அமில மாத்திரையையும் சேர்த்துத் தருவதுண்டு. அது காப்பு. அப்படித் தந்திருந்தால் எரியும்போது மட்டுமல்ல, சொன்னபடி நாள்தோறும் எடுக்க வேண்டும். ஆனால் மூன்று நாள் காய்ச்சலுக்கும் பல்வலிக்கும்கூட ‘வயிற்றுக்கு ஒன்று’ என்று தானாகச் சேர்த்துக்கொள்ளும் பழக்கம் தேவையற்றது.

கிருமிக்கான கூட்டு மருந்து கிடைத்தவர்கள் ஒரு வேளையும் தவறவிடாமல் முழு நாட்களும் எடுக்க வேண்டும். வாய் கசக்கும்; வயிறு சற்றுக் கலங்கும். பிஸ்மத் சேர்ந்திருந்தால் மலம் கறுக்கும். அதற்கு அஞ்ச வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரையாலும் அப்படி ஆகும். இவ்விரண்டும் இல்லாமல் மலம் தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்தால் மட்டும் ஒருநாளும் தாமதிக்கக்கூடாது. பாதியில் நிறுத்தினால் பிழைத்த கிருமி அதே மருந்துக்கு அடுத்தமுறை பணியாது.

இரண்டாம் கேள்வி: எப்போது?

‘பிரசோல்’ என்று முடியும் மாத்திரைகள் உணவுக்கு முன்பே செல்ல வேண்டியவை. உணவு வரும்போதுதான் இரைப்பையின் பம்புகள் விழித்து வேலை செய்யத் தொடங்கும். வேலை செய்யும் பம்புகளையே இம்மருந்தால் அடைக்க முடியும். ஆகவே காலை உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்னதாக, வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். உண்டு முடித்து நெஞ்சு எரிந்தபின் விழுங்குவது, பேருந்து புறப்பட்ட பிறகு நிறுத்தத்துக்கு ஓடுவதைப் போன்றது. முதல் நாளே முழுப் பலனும் தெரியாது; மூன்று நான்கு நாட்கள் ஆகும். ‘ஒன்று போட்டேன், கேட்கவில்லை’ என்று இரண்டாவதைப் போடுவது தவறு.

பேன்டோபிரசோல் மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. அமிலத்தில் கரைந்துவிடாமல் குடலுக்குச் செல்வதற்காக அதன்மேல் ஒரு பூச்சு இருக்கிறது. உடைத்தால் மருந்து வழியிலேயே அழிந்துவிடும். விழுங்க முடியாத முதியவர்களுக்கு மாற்று வடிவம் உண்டா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

ஃபமோடிடின் வேறு இனம். ஒருமணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். எப்போதாவது வரும் எரிச்சலுக்கு ஏற்றது. ஆனால் நாள்தோறும் எடுத்தால் சில வாரங்களில் உடல் பழகிப் பலன் குறையும். சிறுநீரகக் கோளாறு உடையவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். இதே இனத்தைச் சேர்ந்த ரானிடிடினை உங்களில் பலர் அறிவீர்கள். அதில் என்.டி.எம்.ஏ. என்ற, புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் மாசு இருப்பது 2019இல் தெரியவந்தது. நாட்பட நாட்பட, வெப்பம் கூடக்கூட அம்மாசு பெருகுவதையும் கண்டார்கள். 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் நாட்டுச் சந்தையிலிருந்து அதைத் திரும்பப் பெறச் சொன்னது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் 2022 செப்டம்பரில் அது நீக்கப்பட்டது. வெயில் கொளுத்தும் எங்கள் கரிசல் வீடுகளில் ஓட்டுக்கூரையின்கீழ் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் பழைய அட்டைகளை இனியும் வைத்திருக்க வேண்டாம்.

ஜெலுசில், டைஜீன் போன்ற பால்மருந்துகள் இருக்கும் அமிலத்தை உடனே தணிப்பவை. பலன் சிறிது நேரமே. இவை வேறு மருந்துகளைப் பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் செய்யும். இரும்புச்சத்து, டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் ஆகியவற்றுக்கும் பால்மருந்துக்கும் குறைந்தது இரண்டு மணி நேரமும், தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேரமும் இடைவெளி வேண்டும். ஆப்பச்சோடாவையும் ஈனோ போன்ற உப்புத்தூள்களையும் இரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகம் ஆகியவற்றில் நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அவற்றில் சோடியம் மிகுதி.

நோன்பு நாட்களில்

ரமலானில் இந்தக் கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். நாளுக்கு ஒருமுறை மாத்திரை எடுப்பவர்கள் ஸஹருக்கு எழுந்தவுடன் முதலில் அதை விழுங்கிவிட்டு, அரைமணி நேரம் கழித்து உண்ணலாம். அல்லது பேரீச்சம்பழமும் தண்ணீரும் கொண்டு நோன்பு திறந்து, மாத்திரையை விழுங்கி, மஃரிப் தொழுதுவிட்டு வந்து கஞ்சிக் கோப்பையை எடுக்கலாம். வேண்டிய இடைவெளி தானே கிடைத்துவிடும். எந்த வேளை தமக்கு ஏற்றது என்பதை ரமலான் பிறைக்கு முன்னரே மருத்துவரிடம் கேட்டு வைப்பது நன்று.

நோன்பு மாதத்தில் நெஞ்சு எரிவதற்கு நோன்பைக் குறை கூறுகிறோம். உண்மையில் எரிய வைப்பது பலருக்கு வடையும் சமோசாவும் பஜ்ஜியும் ஒரே அமர்வில் உள்ளே போவதுதான். நோன்புக் கஞ்சி நல்ல உணவு. அதோடு எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்து, இரவு உணவைத் தராவீஹுக்குப் பின் அளவாக உண்டால் போதும். ஸஹர் முடித்ததும் உடனே படுத்தால் அமிலம் மேலேறும். சுப்ஹு தொழுது, சற்று நேரம் அமர்ந்து குர்ஆன் ஓதிவிட்டுப் படுக்கலாம். மற்ற மாதங்களிலும் இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களின் கீழ் செங்கல் வைத்து அரையடி உயர்த்துவது அமில ஏற்றத்துக்கு நல்ல பலன் தரும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து எரிச்சல் கூடவும் செய்யும். பீடி, சிகரெட், வெற்றிலையோடு புகையிலை ஆகியவற்றை விட்டால் பாதி மருந்து மிச்சமாகும். உடல் எடை கூடியவர்கள் சிறிது குறைத்தாலும் பலன் தெரியும்.

ஒன்றைக் கூறியே ஆக வேண்டும். புண் கசிந்துகொண்டிருப்பவரும், அண்மையில் இரத்தப்போக்கு கண்டவரும் வைராக்கியத்தோடு நோன்பு வைப்பது மார்க்கம் கேட்காத ஒன்று. நோயாளிக்கு இறைவன் தந்த சலுகை இருக்கிறது. குணமான பின் களாச் செய்வதா, ஃபித்யா கொடுப்பதா என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். நோன்பு தாங்குமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். உம்மாவோ வாப்பும்மாவோ வலியை மறைத்துக்கொண்டு நோன்பிருக்கிறார்களா என்பதைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை.

மூன்றாம் கேள்வி: எதுவரை?

முன்சிறுகுடல் புண்ணுக்குப் பொதுவாக நான்கு வாரம். இரைப்பைப் புண்ணுக்கு எட்டு வாரம். அமில ஏற்றத்துக்கு நான்கு முதல் எட்டு வாரம். மருத்துவர் சீட்டில் எழுதிய காலம் முடிந்தது; ஆனால் மாத்திரை முடியவில்லை. அதே பழைய சீட்டைக் காட்டி மாதாமாதம் வாங்குவோர் எத்தனை பேர்! பத்து ஆண்டுகளாக ‘காலையில் அது இல்லாமல் முடியாது’ என்று சொன்னவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இரைப்பை அமிலம் நம் பகையன்று. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லும் காவலாளி அது. இரும்பு, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் பி12 ஆகியவற்றை உடல் ஏற்கத் துணை செய்வதும் அதுவே. ஆண்டுக்கணக்கில் அதை அடக்கி வைத்தால் பி12 குறையலாம். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு அந்தக் குறைவு இரட்டிப்பாகக்கூடும். கால் மதமதப்பும் மறதியும் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும். மக்னீசியம் குறைந்து தசை துடிப்பும் தலைசுற்றலும் வரலாம் என்று 2011இல் எச்சரிக்கை வெளியானது. முதியவர்களுக்கு எலும்பு முறிவும், சிலருக்குக் கடும் வயிற்றுப்போக்கும், அரிதாகச் சிறுநீரக அழற்சியும் நேரக்கூடும். இவை யாவும் எல்லோருக்கும் வருபவை அல்ல. தேவையுள்ளவருக்கு நன்மையே மிகுதி. தேவையில்லாதவருக்குத்தான் தீமை மட்டும் மிஞ்சும்.

இன்னொரு குறிப்பு. மாத்திரைப் பெயரின் பின்னால் ‘டி’ அல்லது ‘டி.எஸ்.ஆர்.’ என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதில் டொம்பெரிடோன் என்ற வாந்தி மருந்தும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். அது சிலருக்கு இதயத்துடிப்பின் சீரைக் குலைக்கக்கூடியது. அதனால் குறைந்த நாட்களுக்கே அதைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் அறிவுறுத்தியது. இதய நோயாளிகள் மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. இதயத்துக்காகக் குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் ஓமிப்பிரசோலையும் எசோமிப்பிரசோலையும் தவிர்க்க வேண்டும். அவை அம்மருந்தின் பலனைக் குறைக்கும். எந்த மருத்துவரிடம் சென்றாலும் எடுத்துவரும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு செல்லுங்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக் காலையே மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முன்பு புண் கசிந்தவர்கள், ஆஸ்பிரின் போன்ற இரத்தம் உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள், உணவுக்குழாய் கடுமையாகப் புண்பட்டவர்கள் ஆகியோருக்கு நீண்ட காலம் அது தேவைப்படலாம். மற்றவர்களும் நெடுநாள் பழக்கத்தைத் திடீரென்று விட்டால், அடங்கிக் கிடந்த அமிலம் சில வாரங்களுக்கு முன்னிலும் மிகுதியாகச் சுரக்கும். ‘பார், நிறுத்த முடியவில்லை’ என்று மீண்டும் தொடங்கிவிடுவார்கள். அது நோய் திரும்பியதன் அடையாளமன்று; உடல் பழைய நிலைக்குத் திரும்பும் வழி. மருத்துவரின் யோசனையோடு அளவைக் குறைத்து, இடையில் எரிந்தால் பால்மருந்தால் சமாளித்துப் படிப்படியாக விடலாம்.

கடையில் கேட்கக்கூடாத நேரம்

சில அறிகுறிகள் தோன்றினால் மருந்துக் கடைக்கல்ல, மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். இரத்த வாந்தி, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, தார் போன்ற மலம், விழுங்கும்போது உணவு அடைத்தல், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொல்லை ஆகியவை அவை. இரைப்பைப் புற்றும் தொடக்கத்தில் ‘கேஸ்’ போலவே வரும். மாத்திரை போட்டால் சில நாள் அடங்கவும் செய்யும். அந்தச் சில மாதத் தாமதமே சிலருடைய ஆயுளைத் தீர்மானித்துவிடுகிறது. எண்டோஸ்கோப்பி என்றதும் அஞ்ச வேண்டாம். சில நிமிடங்களில் முடியும் சோதனை அது.

இவை எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நள்ளிரவில் நெஞ்சை அழுத்துகிறது, வியர்க்கிறது, இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ வலி பரவுகிறது. ‘வாயுப் பிடிப்பு’ என்று சோடா உடைத்துக் கொடுக்கிறோம். நெஞ்சைத் தைலம் தடவி நீவுகிறோம். ஒரு கேஸ் மாத்திரை கொடுத்துப் படுக்க வைக்கிறோம். விடியலில் ஜனாஸா அறிவிப்பு வருகிறது. என் பணிக்காலத்தில் இப்படிப் போன மையித்துகளை நான் மறக்க இயலாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் மேல்வயிற்று அசௌகரியமாகவும் மாரடைப்பு வரும். நாற்பதைக் கடந்தவருக்கு நெஞ்சிலோ மேல்வயிற்றிலோ வியர்வையோடு ஒரு வேதனை வந்தால், அது இதயமல்ல என்று இ.சி.ஜி. சொல்லும்வரை இதயம் என்றே கொள்ளுங்கள். 108ஐ அழையுங்கள், நடக்க வைக்காதீர்கள். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ் தமிழகத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல்வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வாயு என்று தெரிந்து திரும்பி வந்தால் வெட்கமில்லை.

அன்பர்களே, உடல் நமக்குச் சொந்தமானதன்று. இறைவன் தந்த அமானிதம். அமானிதத்துக்குக் கணக்கு உண்டு. முதலில் திறக்கச் சொன்ன மருந்துப் பெட்டியின் முன் இப்போது குடும்பத்தோடு அமருங்கள். காலாவதியானவற்றைத் தனியே எடுத்துவிடுங்கள். மீதியுள்ள வயிற்று மாத்திரை அட்டை ஒவ்வொன்றின் மீதும் ஒரு சிறு தாளை ஒட்டி, யாருக்கு, ஏன், எப்போது, எதுவரை என்று எழுதுங்கள். எழுத முடியாத அட்டையை எடுத்துக்கொண்டு அடுத்த வாரமே மருத்துவரைப் போய்ப் பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நோயற்ற வாழ்வைத் தந்தருள்வானாக. ஆமீன்.